நித்திரையைக் கையில் கட்டி அளக்கலாமா?

ஈஈஜி, அதாவது மூளை அலைப் பதிவு, எடுப்பது என் தொழில், ஊர் மட்டக்களப்பு. மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களின் நித்திரையைச் சென்சரால் அளப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

கல்லடியிலிருந்து ஒரு அக்கா: தம்பிக்கு மனச்சோர்வு. கண்ணே மூடவில்லை என்கிறான். ஸ்மார்ட் வோச் 6 மணித்தியாலம் நித்திரை என்கிறது. பொய் சொல்கிறானா?

இல்லை அக்கா. வோச் முக்கியமாகப் பார்ப்பது அசைவைத்தான். கை ஆடாவிட்டால் நித்திரை என்று எழுதிவிடும். நித்திரை வராதவரோ, பக்கத்தில் படுத்திருப்பவர் எழும்பிவிடுவார் என்று கூரையைப் பார்த்தபடி ஆடாமல் கிடப்பார். போயா அன்று நான் கதிரையில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்ததையும் என் வோச் நித்திரைக் கணக்கில் சேர்த்தது! நாடித்துடிப்பு பார்க்கும் பச்சை வெளிச்சம் இருந்தால் கொஞ்சம் திருந்தும், அவ்வளவுதான். இன்னொன்று, மூளை அலையில் நித்திரை தெளிவாகத் தெரிந்தும், விடியவிடிய முழித்திருந்ததாகவே உணர்கிற ஆட்கள் உண்டு. அந்த அவதியும் உண்மை. வோச்சை நீட்டி அவனோடு வழக்காடாதீர்கள்.

அக்கரைப்பற்று: அப்போ, சரியான சோதனை எது?

தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் வயர் ஒட்டி ஒரு இரவு படுக்க வைக்கும் பொலிசொம்னோகிராபி. புது இடம், உடம்பெல்லாம் வயர், முதல் இரவில் யாருக்குத்தான் நல்ல நித்திரை வரும்? வெறும் நித்திரையின்மைக்கு இது வழக்கமாகத் தேவையில்லை. பலத்த குறட்டை, இடையில் மூச்சு நிற்பது என்றால் கட்டாயம் கேளுங்கள். மனச்சோர்வில் கனவு நித்திரை வழமையைவிட முந்தி வருவதுண்டு. மனச்சோர்வு மருந்துகள் பல அதைப் பிந்த வைக்கும். அதனால் குளிசைப் பட்டியலைக் கொண்டு போங்கள். சோதனைக்காக நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

திருக்கோவில்: கிளினிக்கில் மணிக்கூடு மாதிரி ஒன்று கட்டிவிட்டார்கள். யானைக் காவலுக்குப் பரணில் இருக்கும் இரவுகளில் கழற்றவா?

கழற்ற வேண்டாம் தம்பி, அதுவும் அசைவைப் பதிகிற கருவிதான். ஒரு கிழமை, இரண்டு கிழமை தொடர்ந்து கட்டினால்தான் உங்கள் ஒழுங்கு தெரியும். வலக்கைக்காரர் என்றால் இடக்கையில். கூடவே ஒரு கொப்பியில் காவல் இரவு, படுத்த நேரம், எழும்பிய நேரம், பிளேன்ரீ குடித்த நேரம் எல்லாம் எழுதுங்கள். குளிக்கக் கழற்றினால் அதையும் எழுதுங்கள். கிணற்றுக்கட்டில் கிடக்கும் மணிக்கூடும் நல்லாகத்தான் நித்திரை கொள்ளும்.

காத்தான்குடி: வாப்பாவுக்கு பைபோலார், மனநிலை மிக ஏறியும் இறங்கியும் போகும் நோய். நாலு நாளாக 2 மணித்தியாலந்தான் படுக்கிறார், களைப்பே இல்லை. வோச் வாங்கிப் பார்ப்போமா?

வோச்சுக்குக் காத்திருக்காதீர்கள். நித்திரை குறைந்தும் உற்சாகம் கூடுவது மேனியா என்கிற அளவுமீறிய உற்சாக நிலை கிளம்புவதன் அடையாளமாக இருக்கலாம். இன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.