உருளைக்குள் ஒரு மியூவான்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 3 அங்குல விட்டமும் 3 அங்குல உயரமும் உள்ள சோடியம் அயோடைடு டிடெக்டர் (கதிர்வீச்சை உணரும் உருளைப் படிகம்) இருக்கிறது. விண்வெளிக் கதிர்களால் காற்றுமண்டலத்தில் உருவாகி வரும் காஸ்மிக் மியூவான் என்ற துகள் ஒன்று அதைக் கடக்கும்போது சராசரியாக எவ்வளவு தூரம் போகும்? புத்தகத்தில் ‘4 × கன அளவு ÷ மேற்பரப்பு’ என்று இருக்கிறது. மேற்பரப்பில் ஏதோ ஒரு புள்ளி, ஏதோ ஒரு திசை என்று கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கில் எடுத்துப் பார்த்தேன். அந்த எண் வரவில்லை. எது சரி?
– எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

பதில்: புத்தகம் சரி. ‘ஏதோ ஒரு திசை’ என்றீர்களே, அங்கேதான் இடறல்.

முதலில், கதிர்கள் எல்லாம் ஒரே திசையில் இணையாக வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். படிகத்தை அந்தத் திசையிலேயே மெல்லிய குச்சிகளாகச் சீவினால் ஒவ்வொரு குச்சியின் நீளமும் ஒரு பாதை. எல்லாக் குச்சிகளும் சேர்ந்தால் முழுப் படிகம். ஆக, கன அளவை அந்தத் திசையில் விழும் நிழலின் பரப்பால் வகுத்தால் சராசரி வந்துவிடும். நேர் மேலிருந்து வந்தால் நிழல் வட்டம். விடை உயரமேதான், 7.62 செ.மீ. பக்கத்திலிருந்து வந்தால் நிழல் சதுரம், விடை 5.98.

எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வந்தால்? நிழல்களின் சராசரி வேண்டும். குழிவில்லாத எந்த உருவத்துக்கும் அது மேற்பரப்பில் சரியாகக் கால் பங்கு என்று 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் கோஷி காட்டினார். சூத்திரத்தில் உள்ள 4 அங்கிருந்து வந்ததுதான். உருளைக்கு அது 2 × ஆரம் × உயரம் ÷ (ஆரம் + உயரம்) என்று சுருங்கும். உங்கள் படிகத்துக்கு 5.08 செ.மீ. (அதே விட்டமுள்ள பந்துக்கும் 5.08தான். உருளைக்கும் அதனுள் கச்சிதமாகப் பொருந்தும் பந்துக்கும் கன அளவு, மேற்பரப்பு இரண்டுமே 3-க்கு 2 என்று கண்டவர் ஆர்க்கிமிடீஸ். அந்தப் படத்தைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னாராம். நான் அவர் கட்சி.)

சரி, உங்கள் புரோகிராமுக்கு வருவோம். பரப்பின் ஒரு புள்ளிக்குச் செங்குத்தாக வரும் கதிருக்கு அந்த இடம் அகலமாகத் தெரியும். சாய்ந்து வரும் கதிருக்குக் குறுகித் தெரியும். செங்குத்திலிருந்து கதிர் சாயும் கோணத்தின் கொசைன் அளவுக்குத்தான் நுழைவும் நடக்கும். நீங்கள் எல்லாத் திசைக்கும் ஒரே மதிப்பு கொடுத்துவிட்டீர்கள். 0-க்கும் 1-க்கும் நடுவே குத்துமதிப்பாக (random) எடுக்கும் எண்ணை நேராகக் கொசைனாகப் போடாமல் அதன் வர்க்கமூலத்தைப் போடுங்கள். உருளையில் சோதிப்பதற்கு முன் பந்தில் சோதியுங்கள்: சராசரி ஆரத்துக்குச் சமமாக வந்தால் பழைய தவறு இன்னும் இருக்கிறது, ஆரத்தைப் போல் மூன்றில் நான்கு மடங்கு வந்தால் சரியாகிவிட்டது.

ஆனால் மியூவான் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருவதில்லையே! மேலிருந்துதான் அதிகம், சாயச் சாயக் கொசைனின் வர்க்கம் போலக் குறைகிறது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், நிமிர்த்தி வைத்த உருளைக்கு 8 × ஆரம் × உயரம் ÷ (6 ஆரம் + 3 உயரம்) வருகிறது. உங்கள் எண்களைப் போட்டால்... மறுபடியும் 5.08! விட்டமும் உயரமும் சமமாக இருப்பதால் வந்த அதிர்ஷ்டம் இது. இந்தப் படிகத்தை மட்டும் வைத்துப் பழகியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிடும். 1 செ.மீ. விட்டம், 10 செ.மீ. நீளமுள்ள கெய்கர் குழாயை (கதிர்வீச்சை எண்ணும் வாயுக் குழாய்) நிமிர்த்தி வைத்தால் வேஷம் கலைந்துவிடும்: சமமாக வந்தால் 0.95 செ.மீ., மியூவானுக்கு 1.21.

அப்புறம் ஒன்று. சோடியம் அயோடைடில் மியூவான் குறைந்தபட்சம் செ.மீ.க்குச் சுமார் 4.8 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை இழக்கும். 5.08 செ.மீ.க்கு 24 ஆகிறது. சீசியம்-137 தரும் 0.662 மெகா எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரைப் பார்க்க வைத்திருக்கும் கெயினில் (சிக்னலைப் பெருக்கும் அளவு) இது திரைக்குள்ளேயே வராது. கெயினை நன்றாகக் குறைத்துவிட்டுத் தேடுங்கள்.

கேள்வி: கதிர் படிகத்துக்குள்ளேயே பிறந்தால் இதே சூத்திரம் பொருந்துமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பொருந்தாது. டிடெக்டராகப் பயன்படும் லாந்தனம் புரோமைடு என்ற இன்னொரு படிகத்தில், அதிலுள்ள கதிரியக்க லாந்தனம்-138 தானே சிதைவதால் இது வெறும் ஏட்டுக் கேள்வியும் அல்ல. பந்துக்குள் எங்கு வேண்டுமானாலும் பிறந்து எந்தத் திசையிலும் நேராகப் போகும் கதிர், வெளியேறும்வரை சராசரியாக ஆரத்தில் முக்கால் பங்கு தூரம் போகும். உருளைக்கு இவ்வளவு அழகான விடை கிடையாது, கம்ப்யூட்டர்தான் கதி.