கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பங்குனி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களின் தொனி மாறிவிடும். ஐப்பசியில் 'புதுசாக ஒரு பறவை வந்திருக்கிறது' என்று எழுதியவர்களே இப்போது 'காணோம்' என்று எழுதுகிறார்கள். இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்கள்தான்.

கேள்வி: எங்கள் கிணற்றடி முருங்கையில் புரட்டாசியிலிருந்து ஒரு பறவை வந்து உட்காரும். பழுப்பு முதுகு, கண்ணோரம் மை தீட்டினாற்போலக் கறுப்புப் பட்டை. விடிந்தால் கரகரவென்று கத்தும். ஒரு வாரமாக ஆளைக் காணோம். பூனை பிடித்திருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. (வாசகி, மன்னார்குடி)

பதில்: பூனையாக இருக்காது அம்மா. நீங்கள் சொல்லும் அடையாளம் பழுப்புக் கீச்சானுடையது. மங்கோலியா, சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு ஆகஸ்ட், செப்டம்பரில் நம்மிடம் வந்து சேரும், ஏப்ரலில் திரும்பிவிடும். தன் இடம் என்று ஒன்றைப் பிடித்துவிட்டால் இன்னொரு கீச்சானை அங்கே அண்டவிடாது. அந்தக் காலைநேரக் கத்தல் அதற்காகத்தான். மறுவருடம் அதே பறவை அதே தோட்டத்துக்கு வருவதும் உண்டு.

வேதாரண்யத்தில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு கொடுக்காப்புளி இருக்கிறது. ஒருநாள் அதன் முள்ளில் வெட்டுக்கிளி ஒன்று குத்தி நின்றது. ஒரு கால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கீச்சான் வந்து, முள்ளையே பிடிமானமாக வைத்துக்கொண்டு அதைக் கிழித்துத் தின்றது. கழுகுபோல இரையை அழுத்திப் பிடிக்கும் பலம் அந்தக் காலுக்கு இல்லை. முள்தான் அதற்குக் கை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசியாக அதை என்றைக்குப் பார்த்தீர்கள்? 'ஒரு வாரம்' என்பது போதாது, தேதி வேண்டும். வலசைப் பறவை வந்த நாளை எல்லோரும் குறித்து வைக்கிறோம். போன நாளைக் குறிப்பவர்கள் மிகவும் குறைவு, ஏனென்றால் அதுதான் கடைசி நாள் என்று அன்றைக்குத் தெரியாது. நான் செய்வது இதுதான்: பங்குனி முதல் தேதியிலிருந்து, பார்த்த நாளிலெல்லாம் மாதக் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி எங்கே நிற்கிறதோ அதுதான் கிளம்பிய நாள். என் கீச்சானுக்குப் பெரும்பாலும் ஏப்ரல் 10க்கும் 25க்கும் நடுவில் நிற்கும்.

இந்தப் புள்ளிகளுக்கு மதிப்பு உண்டு. வலசைப் பறவைகளின் வரவையும் போக்கையும் பொதுமக்களே பதிவு செய்வதற்காக 2007இல் மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இப்போது அந்த வேலையை, பறவைகளைப் பார்த்ததைப் பதிவு செய்யும் இபேர்ட் என்ற இணையதளத்தில் செய்யலாம். போன் இருந்தால் போதும். வெயில் கூடக்கூடப் பறவைகள் கிளம்பும் நாள் முன்னே நகர்கிறதா என்று பார்க்க, பல ஊர்களிலிருந்து பல வருடத்துக் கடைசித் தேதிகள் வேண்டும். உங்கள் முருங்கைமரத்துத் தேதியும் அதில் ஒன்று.

கேள்வி: ஏப்ரலில் கோடியக்கரை போகலாம் என்றிருக்கிறோம். சீசன் முடிந்துவிட்டது, போகாதே என்கிறார்கள். (வாசகர், கும்பகோணம்)

பதில்: போங்கள். கூட்டம் குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் டிசம்பரில் பார்க்க முடியாத ஒன்று இப்போதுதான் கிடைக்கும். சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் குளிர்காலத்தில் எல்லாம் ஒரே சாம்பல். எது எது என்று பிரித்துச் சொல்வதற்குள் கண் வலித்துவிடும். கிளம்பும் நேரத்தில் அவை புது உடுப்புக்கு மாறுகின்றன. வளைமூக்கு உள்ளானின் முகமும் மார்பும் வயிறும் செங்கல் நிறமாகிவிடும். பாதி சாம்பல், பாதி சிவப்பு என்று திட்டுத்திட்டாக நிற்கும் பறவைகளை உப்பளப் பாத்திகளில் காணலாம். அவை போகும் இடம் சைபீரியாவின் ஆர்க்டிக் கரை.

காலையில் வெயில் ஏறுமுன் போய், வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கும். சில கரைப்பறவைகள் பயணத்துக்கு முன் தங்கள் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் வழியில் எரிபொருள். அதனால் போட்டோவுக்காகக் கூட்டத்தை எழுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அது சேர்த்ததில் கொஞ்சம் வீணாகிறது. காலில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக்கொடியோ தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாயங்காலம் மேகம்போலச் சுழலும் சோளப்பட்சிகள் எங்கே போகின்றன? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: மத்திய ஆசியாவுக்கு. அங்கே பாறை இடுக்குகளில் கூட்டமாகக் கூடு கட்டி, வெட்டுக்கிளிகளைத் தின்று குஞ்சு வளர்க்கும். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் இவை தங்கட்டும் என்றே கற்களைக் குவித்துவைக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் உங்கள் வானம் காலியாகிவிடும். ஜூலை, ஆகஸ்டிலேயே முதல் கூட்டம் திரும்பிவிடும்.

கேள்வி: நம் ஊரில் எப்போதும் வெயில்தானே? கிளம்பும் நேரம் பறவைக்கு எப்படித் தெரிகிறது? (ஏழாம் வகுப்பு மாணவி, திருவாரூர்)

பதில்: நல்ல கேள்வி, கண்ணு. பகல் நீளுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறது. உங்கள் ஊரில் டிசம்பருக்கும் ஜூனுக்கும் பகலின் நீளம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் மாறும். நாம் கவனிப்பதேயில்லை, அதன் உடல் கவனிக்கிறது. அதற்குள்ளேயே ஓடும் வருடக் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. கிளம்பும் காலத்தில், கூண்டில் இருக்கும் வலசைப் பறவைகூட ராத்திரியில் தூங்காமல், போக வேண்டிய திசையைப் பார்த்தே தத்திக்கொண்டிருக்கும்.

கேள்வி: காலையில் ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே ஒரு பறவை விழுந்துகிடந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. மூச்சு இருந்தது. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. (வாசகர், தாம்பரம்)

பதில்: அது ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தை நம்மிடமும் இலங்கையிலும் கழித்துவிட்டு, மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் கூடு கட்டப் போகும். ராத்திரியில் பயணம் செய்வதால் வெளிச்சத்திலும் கண்ணாடியிலும் அகப்பட்டுக்கொள்கிறது.

இனி இப்படிக் கிடைத்தால், துளை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் இங்க் பில்லரால் இரண்டு சொட்டு விட்டேன். அது மூச்சுக்குழலுக்குள் போய், பறவை என் கையிலேயே அடங்கிவிட்டது. அந்தக் கழுத்தின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் புதர் நிழலில் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். பறக்கவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் இடம் தராது.

பறந்துவிட்டது என்றால், மறுநாள் காலை ஆறு மணி வாக்கில் தோட்டத்தில் காது கொடுங்கள். இரண்டு சுரத்தில் விசில் கேட்டால் ஏதோ ஓர் ஆறுமணிக்குருவி இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம். காலண்டரில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.