டயர்ல காத்து பாத்தீங்களா? அடிப்பாகம் கேள்வி-பதில்

இந்த தடவை வந்ததுல பாதி ப்ளேன், பாதி கார். ரெண்டையும் கலந்தே போடுறேன், கீழ நடக்குற வேலை ஒண்ணுதான்.

கேள்வி: ப்ளேன் தரையை தொட்டதும் டயர்ல புகை வருதே, முன்னாடியே மோட்டார் வச்சு சுத்த விட்டா டயர் மிச்சமாகும்ல?

இந்த ஐடியாவுக்கு பேட்டன்ட் வாங்குனவங்க பல பேர். சுத்தாம நிக்குற டயர் 240, 250 கிமீ வேகத்துல ரன்வேயை தொடுது, அந்த வேகத்துக்கு வர்ற வரைக்கும் தேய்ஞ்சுக்கிட்டே போகுது, அதான் புகை. மோட்டார் வச்சா அந்த வெயிட்டை ஒவ்வொரு ஃப்ளைட்லயும் சுமக்கணும், ரிப்பேர் வந்தா அதையும் பாக்கணும். ரீட்ரெட் பண்ணி, அதாவது தேய்ஞ்ச மேல் ரப்பரை மட்டும் புதுசா ஒட்டி, திரும்ப மாட்டுறது அதைவிட சீப். அதுவும் இல்லாம பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் தேயுறதை மோட்டாரா வந்து தடுக்கும்?

கேள்வி: மேல போன போயிங் 737 ப்ளேன் வயித்துல சக்கரம் அப்படியே தெரியுது. கதவை மூட மறந்துட்டாங்களா?

மறக்கல, மெயின் கியருக்கு, அதாவது இறக்கைக்கு கீழ வர்ற பெரிய சக்கர செட்டுக்கு, முழு கதவே கிடையாது. வெளிப்பக்க வீல்ல ஒரு ஹப்கேப் (நடுவுல போடுற மூடி), சுத்தி ஒரு சீல், முடிஞ்சது.

கேள்வி: கார்ல அடில ஒரு சத்தம் வருது. என்ன பண்ணலாம்?

என்ன கார், என்ன மாதிரி சத்தம், எப்போ வருது, ஒண்ணுமே எழுதல. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? சரி, பொதுவா சொல்றேன். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு திரும்பும்போது டக் டக்னா சிவி ஜாயின்ட் (வீலுக்கு சுழற்சியை கொண்டு போற மூட்டு), அதோட ரப்பர் உறை, பூட், கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சு வீலோட உள்பக்கம் கருப்பா அப்பியிருக்கும் பாருங்க. வேகம் கூட கூட ஊன்னு இழுத்தா வீல் பேரிங், ஆனா டயர் கண்டபடி தேய்ஞ்சிருந்தாலும் இதே சத்தம்தான், பேரிங்கை மாத்திட்டு அப்புறம் முழிக்காதீங்க. சின்ன பள்ளத்துல லொட்டுன்னா சஸ்பென்ஷன்ல இருக்குற லிங்க், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் இதுல ஏதோ ஒண்ணு. பால் ஜாயின்ட்ல ஆட்டம் இருந்தா நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க, கழண்டா வீல் அப்படியே மடங்கிடும். கீழ பாக்குறேன்னு ஜாக்கை மட்டும் நம்பி உள்ள படுக்காதீங்க, ஸ்டாண்ட் வைங்க.

கேள்வி: ப்ளேன் டயர்லயே நைட்ரஜன்தான் அடிக்கிறாங்க, அப்போ கார்லயும் அதானே பெஸ்ட்? நைட்ரஜன் அடிச்சா அடிக்கடி செக் பண்ண தேவையில்லையாமே?

யார் சொன்னது? இந்த ரெண்டாவது வரிதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏத்துறது.

முதல்ல ப்ளேன். பெரிய ஜெட்ல மெயின் டயர் பிரஷர் 200 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) பக்கம், பிரேக் சூடு பல நூறு டிகிரி. அந்த சூட்டுல டயருக்குள்ள ஆக்சிஜன் இருந்தா ரப்பர்ல இருந்து வர்ற கேஸோட சேந்து வெடிக்கும். 1986 மார்ச்ல மெக்சிகோவுல ஒரு போயிங் 727 ப்ளேன் அப்படித்தான் போச்சு. பிரேக் பிடிச்சபடியே இருந்து சூடாச்சு, டயர்ல நைட்ரஜனுக்கு பதிலா சாதா காத்து, மேல போனப்புறம் உள்ள மடக்கி வச்ச டயர் வெடிச்சு ஃப்யூயல் லைன், ஹைட்ராலிக் லைனெல்லாம் அறுந்து 167 பேர் செத்தாங்க. ஈரப்பசை இருக்கக்கூடாதுங்கறதும் ஒரு காரணம், மேல ஐஸாகும், வீலையும் அரிக்கும். உங்க கார்ல இதுல எது இருக்கு? சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவா கசியும், சரி, அடிக்கணும்னா அடிச்சுக்கோங்க. ஆனா ஆணி குத்துனா எதை அடிச்சிருந்தாலும் இறங்கும்.

செக் பண்ணாம விட்டா என்னாகும்னு 1991 ஜூலைல சவுதியோட ஜெட்டா ஏர்போர்ட்ல பாத்தாச்சு. டிசி-8னு ஒரு ஜெட் ப்ளேன், டயர்ல காத்து கம்மின்னு தெரிஞ்சும் நைட்ரஜன் கைல கிடைக்கல, லேட்டாகுதுன்னு அப்படியே விட்டாங்க. காத்து கம்மியான டயர் தாங்காத கனம் பக்கத்து டயர் மேல ஏறுச்சு, டேக் ஆஃப் ஓட்டத்துலயே அது சூடாகி வெடிச்சுது, அடுத்ததும் போச்சு, சுத்தாம நின்ன வீல் ரன்வேல தேய்ஞ்சு தீப்பிடிச்சுது, அந்த தீயோடவே கியரை உள்ள மடக்கிட்டாங்க. 261 பேர், ஒருத்தரும் மிஞ்சல. அதனாலதான் ஒரு டயர் ரொம்ப காத்து கம்மியா ஓடியிருந்தா அதோட ஜோடியையும் சேத்து கழட்டுவாங்க, வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள ரப்பருக்கு பலம் குடுக்குற நூல் அடி வாங்கியிருக்கும்.

உங்க கார்லயும் அதே கதைதான், அளவுதான் சின்னது. காத்து கம்மின்னா சைட்வால் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி சூடாகும், ஹைவேல முழு லோடோட போறப்போ டயரே பிரிஞ்சு போகும். டேஷ்ல லைட் எரியும்னு உக்காந்திருக்காதீங்க, பல கார்ல கால்வாசி இறங்குனப்புறம்தான் அது எரியும். மாசம் ஒரு தடவை, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் குளுந்திருக்கும்போது பாருங்க. ஓடி வந்த சூட்டுல நாலு பிஎஸ்ஐ கூட காட்டும், அதை பாத்து இறக்கிடாதீங்க. அளவு கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கு, சைட்வால்ல போட்டிருக்குறது அந்த டயர் தாங்குற உச்சம், அதை அடிக்க சொல்லல. ஸ்டெப்னியையும் பாருங்க.

கேள்வி: ஸ்பிரிங்கை கொஞ்சம் வெட்டி காரை இறக்கலாமா?

வேணாம்.

கேள்வி: கியர் இறங்கலன்னா பைலட் என்ன பண்ணுவார்?

ஹைட்ராலிக் போனாலும் பூட்டை விடுவிச்சா போதும், கியர் சொந்த எடையிலயே விழுந்து லாக் ஆகும். அதுவும் நடக்காம போனது உண்டு. 2011 நவம்பர் 1, போலந்து வார்சாவுல ஒரு போயிங் 767, ஹைட்ராலிக் லீக், மாத்து வழிக்கு கரண்ட் குடுக்குற ஒரு சர்க்யூட் பிரேக்கர் ஆஃப்ல கிடந்துச்சு. வயித்தால இறக்குனாங்க, உள்ள இருந்த 231 பேரும் நடந்து வெளிய வந்தாங்க.

கேள்வி: கியர் ஸ்ட்ரட்ல (சக்கரத்தை தாங்குற கால்ல) பளபளன்னு தெரியுற கம்பி சில ப்ளேன்ல நீளமா, சிலதுல குட்டையா இருக்கே?

கார்ல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியா பாக்குற வேலையை அந்த ஒரே குழாய் பாக்குது. நைட்ரஜன் ஸ்பிரிங், சின்ன ஓட்டை வழியா பிதுங்குற ஆயில் அதிர்வை அடக்குறது. லோடு ஏற ஏற கம்பி உள்ள போகும். ஒரே ப்ளேன்ல இடதும் வலதும் ரொம்ப வித்தியாசமா நின்னா மட்டும் யோசிக்கணும்.

கேள்வி: இறங்குன ப்ளேன் வீல் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கலாமா? ரேம்ப்ல, ப்ளேன் நிறுத்துற இடத்துல, வேலைக்கு சேந்திருக்கேன்.

சேந்திருக்கீங்க, டிரெய்னிங்ல தூங்கிட்டீங்களா? சூடான வீல் வெடிச்சா சிதறல் பக்கவாட்டுலதான் அதிகம் பறக்கும், கிட்ட போயே ஆகணும்னா முன்னாடி இல்ல பின்னாடி பக்கமா போங்க, வீலுக்கு நேரா பக்கத்துல நிக்காதீங்க. வீல்ல ஃப்யூஸ் பிளக் இருக்கு, சூடு எல்லை தாண்டுனா உருகி காத்தை விட்டுடும், ஆனா அது உருகுற வரைக்கும் உள்ள முழு பிரஷர்தான். பிரேக் ரொம்ப சூடா இருந்தா பார்க்கிங் பிரேக்கையே விட்டுட்டு சோக், அதாவது வீலுக்கு வைக்கிற முட்டுக்கட்டை, மட்டும் வச்சு ஆற விடுவாங்க. செல்ஃபிய நோஸ் பக்கம் தள்ளி நின்னு எடுங்க, அதுவும் சூப்பர்வைசர் கிட்ட கேட்டுட்டு.