எல்லாம் பொருந்தியும் பொம்மை போலத் தெரிகிறதே, ஏன்?

கேள்வி: 1970 செவர்லே செவெல் எஸ்எஸ் 454 காரின் 1/25 அளவு பிளாஸ்டிக் கிட்டைக் கட்டி முடித்தேன். சிவப்பு பிளாஸ்டிக்கில் வந்த பாடி. வெள்ளை அடித்து, பானெட்டிலும் டிக்கியிலும் கருப்புப் பட்டை ஒட்டினேன். பாகங்கள் எல்லாம் நன்றாகவே பொருந்தின. ஆனால் அலமாரியில் வைத்துப் பார்த்தால் விளையாட்டுக் கார் போல இருக்கிறது. போதாக்குறைக்கு, வெள்ளை நாளாக நாளாக ரோஸ் ஆகிறது. அதே கிட் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதில் எதை மாற்றிச் செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பசை வழிந்த இடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கை சுத்தம், கணக்குதான் இடிக்கிறது.

1/25 அளவில் ஒரு வசதி உண்டு. மாடலில் 1 மி.மீ. என்பது அசல் காரில் 25 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட ஓர் அங்குலம். ஸ்கேலை எடுத்து உங்கள் காரின் முன் டயருக்கும் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். படத்தில் எனக்கு 4 மி.மீ. போலத் தெரிகிறது. அசல் காரில் அது நாலு அங்குலச் சந்து, உள்ளங்கை தாராளமாக நுழையும். பின்பக்கமோ தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. மஸில் கார், அதாவது பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க வேகக் கார் என்றால் பாயத் தயாராக நிற்க வேண்டும். உங்களுடையது மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு போல நிற்கிறது. பொம்மை என்று கண் முடிவு கட்டுவது பெரும்பாலும் இங்கேதான். பெயின்டைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்.

இதில் உங்கள் தவறு பாதிதான். அமெரிக்க மாடல் கிட் நிறுவனமான ஏஎம்டி 1958-இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளைக் கொண்டுவந்தது: ஷோரூம் கார், அலங்கரித்த கார், பந்தயக் கார். அந்தப் பழக்கம் அமெரிக்க கார் கிட்டுகளில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பெட்டியில் இரண்டு செட் சக்கரம், உபரிக் கார்புரேட்டர் என்று என்னென்னமோ கிடக்கும். நீங்கள் பந்தயக் காரின் அகலமான பின் டயரை எடுத்து, ஷோரூம் காரின் முன் டயரோடு சேர்த்திருக்கிறீர்கள். முதலில் எந்தக் கார் என்று முடிவு செய்யுங்கள். 1970-இல் ஷோரூமிலிருந்து வந்த எஸ்எஸ் என்றால் 14 அங்குல ஐந்து ஆரச் சக்கரம், வெள்ளை எழுத்து டயர், நாலும் ஒரே அளவு. டயரின் விட்டம் மாடலில் சுமார் 26 மி.மீ. இருந்தால் சரி. வாங்கிய மறுவாரமே பையன்கள் கைவைத்த தெருக் கார் என்றால் பின்னால் காற்று ஷாக் போட்டுத் தூக்கி, தடித்த டயர் மாட்டியிருப்பார்கள். இரண்டும் அழகுதான், ஒரே காரில் வேண்டாம்.

சரி, உயரத்தை மாற்றுவது எப்படி? பசையைத் தொடுவதற்கு முன்னால் சேஸிஸ், ஆக்சில், சக்கரம், பாடி இவற்றை மட்டும் மாஸ்கிங் டேப், புளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய மாவு போன்ற பசை) கொண்டு தற்காலிகமாகப் பிடித்து நிறுத்துங்கள். பக்கவாட்டில், கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாக் காரும் அழகாகத்தான் தெரியும்.

முன் சக்கரம் மாட்டும் சின்னக் குச்சி ஒன்று ஸ்டியரிங் பாகத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டிவிட்டு, பழைய இடத்துக்கு 2 மி.மீ. மேலே துளையிட்டு, ஒரு துண்டு பேப்பர் கிளிப் கம்பியைச் சொருகி ஒட்டுங்கள். குச்சி எவ்வளவு மேலே போகிறதோ, கார் அவ்வளவு கீழே இறங்கும். பிளாஸ்டிக் குச்சியையே திரும்ப ஒட்டினால் ஒருநாள் கை பட்டு உடையும், நானும் உடைத்தவன்தான். பழைய அச்சில் வந்த சில கிட்டுகளில் ஓர் உலோகக் கம்பி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இன்ஜினுக்குள்ளேயே புகுந்து போகும். அங்கே பழைய துளையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே புதுத் துளை போட வேண்டும். இன்ஜினில் உள்ள துளையையும் அதே அளவு உயர்த்த மறந்தால் எதுவும் சேராது.

பின்பக்கம் இன்னும் எளிது. செவெலுக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங் கிடையாது, சுருள் ஸ்பிரிங்தான். தாழ்த்த வேண்டுமானால் சுருளின் மேல்முனையை அரத்தில் தேய்க்கலாம். உயர்த்த அரை மி.மீ. பிளாஸ்டிக் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். உங்கள் காருக்கு முன்னால் 2 இறக்கி, பின்னால் 1 ஏற்றினால் போதும் என்று நினைக்கிறேன். நாலு சக்கரமும் தரையில் படுகிறதா என்று கண்ணாடிப் பலகைமேல் வைத்துச் சோதியுங்கள்.

இப்போது அந்த ரோஸ். சிவப்பு பிளாஸ்டிக்கில் கலந்துள்ள சாயம் பெயின்டிலுள்ள கரைப்பானில் கரைந்து மேலே ஏறி வருகிறது. வெள்ளையை எத்தனை பூச்சு பூசினாலும் அது வரும். பூச்சு தடிப்பதுதான் மிச்சம். பாடிக்கு முதலில் மெல்லிய சில்வர் பூச்சு ஒன்று கொடுத்து, அது முழுதாகக் காய்ந்த பிறகு வெள்ளை பிரைமர் அடியுங்கள். சில்வர் தடுப்புச் சுவராக நிற்கும். பானெட்டின் அடிப்பக்கத்தில் முதலில் அடித்து ஒரு வாரம் காத்திருந்து பாருங்கள், ஏனென்றால் இந்தச் சாயம் உடனே காட்டிக்கொடுக்காது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், 1970 செவெலுக்கு கிரான்பெரி ரெட் என்ற நிறமும் இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக்மேல் சிவப்பு அடிக்கிறவனுக்கு நிம்மதியான தூக்கம்.

பூச்சின் தடிமனுக்கும் அதே கணக்குதான். மாடலில் 0.1 மி.மீ. பெயின்ட் ஏறினால் அசல் காரில் இரண்டரை மி.மீ. தகரத்துக்குமேல் இரண்டரை மி.மீ. பெயின்ட் என்றால் அது பூச்சா, மாவுக் கட்டா? கதவு இடுக்குகள் மூடிப்போவதும், எஸ்எஸ் எழுத்து மழுங்குவதும் இதனால்தான். பிரைமர் அடிக்கும் முன்பே கதவு, டிக்கி கோடுகளில் கத்தியின் முதுகால் மூன்று நான்கு தடவை இழுத்து ஆழப்படுத்துங்கள். பாடியின் மேல் விளிம்புகளில் ஓடும் அச்சு வரியை (அச்சின் பாகங்கள் சேரும் இடத்தில் விழும் கோடு) உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பிறகு, ஒரே தடவையில் மூடப் பார்க்காமல் மெல்லிய பூச்சாக அடியுங்கள். நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் அடித்தது அக்ரிலிக் லேக்கர். இன்றைய கார்களின் ஈரம் சொட்டும் பளபளப்பு அதற்குக் கிடையாது. கண்ணாடி போலப் பளபளக்கும் 1970 கார் எனக்கு மிட்டாய் மாதிரிதான் தெரிகிறது. மெட்டாலிக் பெயின்ட் வாங்கினால் பொடி மிக நைசாக இருக்கட்டும். அசல் கார் பெயின்டில் உள்ள மினுக்குத் துகள் மாடலில் சோற்றுப் பருக்கை போல நிற்கும்.

எழுத்துச் சின்னங்களுக்கு ஒரு வித்தை. ஃபெண்டரில் எஸ்எஸ் என்று புடைத்திருக்கும் இடத்தில், பிரைமருக்குப் பிறகு, நிறத்துக்கு முன்னால், பேர் மெட்டல் ஃபாயில் போன்ற மெல்லிய ஒட்டுத் தாளைச் சின்னதாக வெட்டி வையுங்கள். பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் எழுத்தின் மடிப்புக்குள் எல்லாம் படியும்படி தேயுங்கள். புது பிளேடால் எழுத்தைச் சுற்றி வெட்டி மிச்சத்தை உரித்துவிடுங்கள். அதன்மேலேயே நிறம் அடியுங்கள். காய்ந்ததும், தின்னரில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, எழுத்தின் உச்சியை மட்டும் தொட்டுத் தொட்டுத் துடைத்தால், நிறத்துக்குள்ளிருந்து வெள்ளி எழுத்து மேலே வரும். தூரிகையால் சில்வர் தொட்டு எழுதியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியும்.

குரோம் பாகங்களை ஒட்டும் இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டிவிடுங்கள், இல்லையேல் பசை பிடிக்காது. கிரில்லில் நீர்த்த கருப்பை ஓடவிடுங்கள். சீட் ரெக்சின், அதற்கு அரை மினுக்கம் போதும்.

இன்ஜினை நீங்கள் வெறும் ஆரஞ்சாக விட்டிருப்பது எனக்கு வருத்தம். நடுத்தரக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்ற தன் சொந்தக் கட்டுப்பாட்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1970 மாடல்களுக்கு நீக்கிய பிறகுதான் இந்த 454, அதாவது 7.4 லிட்டர், செவெலுக்குள் வந்தது. அதில் எல்எஸ்6 வகை 450 குதிரைத் திறன். இந்தக் காரின் பெயரே அதன் இன்ஜின் அளவுதான். பானெட்டைத் திறக்கிறவர் அதைத்தான் தேடுவார். ஸ்பார்க் பிளக் ஒயர் போடுங்கள். அசல் 7 மி.மீ.; மாடலில் 0.28. பழைய இயர்போன் ஒயரின் உள்ளிழை அல்லது கருப்புத் தையல் நூல் சரியாக வரும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பின்பக்கம் இருக்கும். எட்டு ஒயர் பிளக்குகளுக்கு, ஒன்பதாவது இக்னிஷன் காயிலுக்கு. பிளக்குகள் தீப்பொறி விடும் வரிசை 1-8-4-3-6-5-7-2, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்று. டிரைவர் பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7, எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. அமெரிக்கக் கார் என்பதால் டிரைவர் பக்கம் இடது, மறந்துவிடாதீர்கள்.

அந்த ரோஸ் செவெலைத் தூக்கிப் போட வேண்டாம். புதுப் பெட்டியைத் திறக்கும் முன்பு அதன் முன் சக்கரக் குச்சிகளை வெட்டி, 2 மி.மீ. ஏற்றி ஒட்டிப் பாருங்கள். ரோஸ் நிறத்திலேயே அந்தக் கார் எப்படி நிற்கிறது என்று எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், பக்கவாட்டில், தரை மட்டத்தில் எடுத்தது.