27 மீட்டர் பாயுமா? ஃபோம் டார்ட் துப்பாக்கியை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிறந்தநாளுக்கு ஃபோம் டார்ட் (மெத்தென்ற குச்சி போன்ற குண்டு) சுடும் பொம்மைத் துப்பாக்கிகள் இரண்டு வந்துவிட்டன. ஒன்று பெயர் பெற்ற கம்பெனியுடையது, மற்றது பெயரே கேள்விப்படாதது, பாதி விலை. இரண்டு பெட்டியிலும் 27 மீட்டர் வரை பாயும் என்று போட்டிருக்கிறது. சுட்டுப் பார்த்தால் பத்து மீட்டரைக்கூடத் தாண்டவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பித் தருவது என்று வீட்டிலேயே சோதித்து மார்க் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் தூரத்துக்கு மட்டும் மார்க் போடாதீர்கள்.

பெட்டியில் இருக்கும் 27 மீட்டர் என்பது 90 அடி. அதில் 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். முனையை வானத்தைப் பார்த்து நன்றாகத் தூக்கிச் சுட்டு, காற்றும் ஒத்துழைத்தால் எட்டக்கூடிய எல்லை அது. உங்கள் பையன் அப்படியா சுடுவான்? நேராகப் பிடித்து அண்ணனையோ தம்பியையோ குறிபார்ப்பான். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் படுக்கைவாட்டமாகச் சுட்ட எந்தப் பொருளும் அரை வினாடிக்குள் தரைக்கு வந்துவிடும். டார்ட்டின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அதிகபட்சம் 9 மீட்டர்தான் போகும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஆகவே உங்கள் துப்பாக்கிகளில் கோளாறு எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

மார்க் போடுவதற்கு முன்னால் தேர்வுக்கு உட்காரத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இயந்திர அமைப்பு தொடர்பான தரநிலையின் எண் ஐஎஸ் 9873. பெட்டியில் முத்திரையும் அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இல்லையென்றால், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், திருப்பித் தந்துவிடுங்கள். இருந்தால் அடுத்து டார்ட்டைக் கையில் எடுங்கள். நெர்ஃப் என்ற பிரபல பொம்மைத் துப்பாக்கி பிராண்டின் எலைட் வகை டார்ட் 12.7 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளம், எடை சுமார் ஒரு கிராம். சமையலறைத் தராசில் பத்து டார்ட்டைச் சேர்த்து வையுங்கள். பத்து கிராமை ஒட்டி வர வேண்டும். பதினைந்துக்குப் போனால் சந்தேகப்படுங்கள். முனையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் விழுந்து மீள வேண்டும். பிறகு முனையைப் பிடித்து நன்றாக இழுங்கள். கழன்று வந்தால், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் பட்சத்தில் அது தொண்டையில் சிக்கும் பொருள்.

இப்போது வேகம். இதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை, ஒரு கைபேசி போதும். மூன்று மீட்டர் தள்ளி ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்து வையுங்கள். துப்பாக்கி முனைக்கும் தட்டுக்கும் சரியாக நடுவில் கைபேசியை வைத்து ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். நடுவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: சுடும் சத்தமும் தட்டில் மோதும் சத்தமும் ஒரே தூரம் பயணித்து வந்தால், ஒலி வருவதற்கான தாமதம் இரண்டிலும் சமமாகிக் கழிந்துவிடும். பதிவை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால், துப்பாக்கிக்குள் காற்றைத் தள்ளும் பிஸ்டன் முட்டும் 'டக்' ஒரு கூர்மையான முள்ளாகவும், தட்டின் 'டங்' இன்னொரு முள்ளாகவும் தெரியும். இடைவெளி 0.15 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். ஆய்வகத் துல்லியம் கிடைக்காது, ஆனால் இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிட இது தாராளம்.

வேகம் கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் பொம்மைத் தரநிலைகள் டார்ட் மோதும் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 0.25 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கக் கூடாது என்கின்றன. ஒரு கிராம் டார்ட்டுக்கு, முனை முழுவதுமாகப் படுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அது வினாடிக்கு சுமார் 25 மீட்டரில் வந்து நிற்கிறது. உங்கள் அளவீடு அதைத் தாண்டினால் 9 வயதுப் பையன் கையில் அது வேண்டாம். 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள், நெர்ஃப் வகைத் துப்பாக்கியால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் ஒருவன் 11 வயதுச் சிறுவன். எனவே சோதிக்கும்போது நீங்களும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு விளையாடும்போதும் அது கழற்றக் கூடாத பொருள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது சீரான தன்மை. ஒவ்வொரு துப்பாக்கியிலும் பத்து முறை சுட்டு வேகத்தைக் குறித்துவையுங்கள். ஒன்று 18, 19, 18 என்று வருகிறது. இன்னொன்று 23, 15, 20 என்று குதிக்கிறது என்றால் முதலாவதற்கே என் ஓட்டு. ஏறி இறங்கும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் குறிபார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. ஸ்பிரிங் வகையில் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான் காரணம். ஒற்றைக் குழல் உள்ளதாக இருந்தால் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். டார்ட் இல்லாமல் இழுத்துப் பூட்டி, குழல் வாயை உள்ளங்கையால் இறுக்கமாக அடைத்து விசையை அழுத்துங்கள். பிஸ்டன் மெத்தென்று, மெதுவாக முன்னேறினால் உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நன்றாக அடைக்கிறது. 'டப்' என்று முட்டினால் காற்று எங்கோ ஓடுகிறது. டார்ட்டுகளைச் செருகும் சுழலும் டிரம் வைத்த துப்பாக்கிகளில் டிரம்முக்கும் உடலுக்கும் நடுவே கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதற்காக மார்க்கைக் குறைக்காதீர்கள். வாயை அடைக்காமல், டார்ட்டும் போடாமல் வெறுமனே சுட்டுக்கொண்டே இருப்பதை மட்டும் பையனிடம் நிறுத்தச் சொல்லுங்கள். தாங்கிப்பிடிக்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் பிளாஸ்டிக்கில் நேராக இடிக்கும்.

குறி சோதனைக்கு ஐந்து மீட்டர் போதும். சுவரில் செய்தித்தாள் ஒட்டி நடுவில் ஒரு வட்டம் போடுங்கள். துப்பாக்கியை நாற்காலி முதுகின் மேல் தலையணை வைத்து அதில் சாய்த்துச் சுடுங்கள், கை நடுக்கம் கணக்கில் சேராது. டார்ட் பட்ட இடத்தை இன்னொருவர் கைபேசியின் ஸ்லோமோஷனில் எடுத்தால் பிறகு நிதானமாகப் புள்ளி வைக்கலாம். புள்ளிகள் வட்டத்தைவிட்டு விலகியிருந்தாலும் ஒன்றாகக் குவிந்திருந்தால் நல்ல துப்பாக்கி, பையன் பழகிக்கொள்வான். நாலாபுறமும் சிதறினால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். டார்ட்டுகளை மாற்றிப் பாருங்கள்: இதன் டார்ட் அதில், அதன் டார்ட் இதில். வளைந்த, நசுங்கிய, வெயிலில் கிடந்து சுருங்கிய டார்ட் எந்தக் குழலிலிருந்தும் மீன் வாலாட்டுவதுபோல ஆடிக்கொண்டேதான் போகும். விலை குறைந்தவற்றில் பல நேரம் துப்பாக்கி சுமாராகவாவது இருக்கும், கூட வரும் டார்ட்தான் மட்டமாக இருக்கும்.

மீதி எல்லாம் கைப்பழக்கம். சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் ஸ்பிரிங் இழுக்கும் பிடியில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோ காட்டுகிறது என்று பாருங்கள். இல்லையென்றால் பையனிடமே கொடுங்கள். பத்து முறை இழுத்த பிறகு வயிற்றில் முட்டுக்கொடுத்து இழுக்கிறானா? அப்படியானால் அது அவன் வயதுக்கு மீறியது. டார்ட் சிக்கினால் அவனே எடுக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

மார்க் இப்படிப் போடுங்கள் என்பேன்: சீர், குறி இரண்டுக்கும் சேர்த்து 50, சிக்காமல் சுடுவதற்கு 25, கைக்கு எளிதாக இருப்பதற்கு 20, வேகத்துக்கு 5.

இரண்டில் ஒன்று பேட்டரி வகையாக இருந்தால் கொஞ்சம் மாற்றம். அதில் பிஸ்டன் கிடையாது, சுழலும் இரண்டு சக்கரங்கள் டார்ட்டைக் கவ்வி வீசுகின்றன. மோட்டார் முழு வேகம் பிடிக்க ஒரு நொடி விட்டுச் சுடுங்கள், பிறகு இடைவிடாமல் ஆறு டார்ட் சுட்டு முதலாவதையும் ஆறாவதையும் ஒப்பிடுங்கள். இரண்டு சோதனைக்கும் புது பேட்டரி போடுங்கள், பாதி தீர்ந்ததைப் போட்டால் நீங்கள் பேட்டரிக்குத்தான் மார்க் போடுவீர்கள். இன்னும் வேகம் வேண்டும் என்று ஏஏ பேட்டரி இடத்தில் 3.7 வோல்ட் லித்தியம் செல்லைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சூடேறிக் கருகும், அதைச் செய்யாதீர்கள்.

கடைசியாக, கடைக்குத் திருப்பி எடுத்துப்போவதற்கு முன் ஒன்று. தனியாக விற்கும் 12.7 மில்லிமீட்டர் டார்ட் எது எதில் பொருந்துகிறது என்று பார்த்துவிடுங்கள். பெட்டியோடு வந்ததில் பாதி சில நாளில் பீரோவுக்கு அடியிலும் பக்கத்து வீட்டு மாடியிலும் போய்ச் சேர்ந்துவிடும். வெளியில் டார்ட் கிடைக்காத துப்பாக்கி 90 மார்க் வாங்கியிருந்தாலும் நான் அதைத்தான் திருப்பித் தருவேன்.