எச்டாப்பில் மைஎஸ்க்யூஎல் 38 வரிகளாகத் தெரிவது ஏன்?

சர்வரில் ஓடுபவற்றைப் பட்டியலிடும் எச்டாப் கருவியில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் தலா 412 எம்பி நினைவகத்துடன் 38 வரிகளாகத் தெரிவதாகக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் காண்பவை 38 செயல்முறைகள் (தனித்தனியாக ஓடும் நிரல்கள்) அல்ல. ஒரே மைஎஸ்க்யூஎல் செயல்முறையின் த்ரெட்கள், அதாவது அதற்குள்ளேயே இணையாக ஓடும் பணி இழைகள். ஒவ்வொரு வரியிலும் ஆர்இஎஸ் (ரேமில் பிடித்திருக்கும் நினைவகம்) பத்தியில் தெரியும் 412 எம்பி, அவை அனைத்தும் பகிர்ந்துகொள்ளும் அதே 412 எம்பிதான். அதை 38ஆல் பெருக்கியதால்தான் 8 ஜிபி ரேம் உள்ள சர்வரில் 15 ஜிபிக்கு மேல் செலவாவதாகக் கணக்கு வந்திருக்கிறது.

லினக்ஸில் எச்டாப் இயல்பாகவே த்ரெட்களையும் தனித்தனி வரியாகக் காட்டும் என்பதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

உறுதிசெய்ய, ஷிஃப்ட்டுடன் எச் விசையை அழுத்துங்கள். ஒரே வரி மட்டும் எஞ்சினால் ஐயம் தீர்ந்தது. எஃப்2 அழுத்தினால் வரும் அமைப்புகளிலும் இதே தெரிவு உண்டு. இவ்வாறு மறைப்பதால் எந்த த்ரெட்டும் நின்றுவிடாது. காட்சி மட்டுமே மாறும்.

ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வோர் இணைப்புக்கும் உண்மையாகவே தனிச் செயல்முறையைத் தொடங்குவதால், அங்கே ஷிஃப்ட்டுடன் எச் அழுத்தினாலும் வரிகள் குறையாது. அப்போதும் ஆர்இஎஸ் மதிப்புகளைக் கூட்டாதீர்கள். எஸ்எச்ஆர் பத்தியில் உள்ள பகிர்ந்த நினைவகம் ஒவ்வொரு வரியிலும் மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டிருக்கும். சர்வரில் மெய்யாகவே எவ்வளவு நினைவகம் மிச்சம் என்பதை, ஃப்ரீ கட்டளை தரும் அவைலபிள் பத்தியில் பாருங்கள்.