சிவப்பு எண், பச்சை எண், கறுப்பு எண்: வாட்ச் ரிப்பேர் கேள்வி பதில்

(பழைய டிஜிட்டல் வாட்ச், கால்குலேட்டர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வேலூர் லாங் பஜார் பக்கம் பல வருடம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, எங்க நைனா 1978-ல் குவைத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த வாட்ச் பீரோவில் இருக்கிறது. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. கருஞ்சிவப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பட்டன், அவ்வளவுதான். “அமுக்கினா நெருப்பு மாதிரி மணி தெரியும்” என்பார். இது என்ன வாட்ச்? மறுபடி உயிர் வருமா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்களே, அதற்கே முதலில் நன்றி. அது எல்.இ.டி. வாட்ச். கண்ணாடிக்கு அடியில் கேலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்ந்த பொடிப்பொடிப் படிகத் துண்டுகள் இருக்கும். கரண்ட் பாய்ந்தால் அவையே சிவப்பாக ஒளிவிடும். அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் 1962-ல் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பத்தே வருஷத்தில் அது மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. 1972-ல் ஹாமில்டன் கம்பெனி விற்ற பல்சர் வாட்சுக்கு 18 காரட் தங்க உறை, விலை 2,100 டாலர். அந்தக் காசுக்கு அங்கே புதுச் சின்னக் காரே வாங்கலாம். 1976-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிளாஸ்டிக் உறை போட்டு அதே வித்தையை 20 டாலருக்குக் கொடுத்தது. அடுத்த வருஷம் 10 டாலர். விலை இப்படி விழுந்ததால்தான் உங்கள் நைனா மாதிரி உழைக்கப் போனவர்கள் கைக்கும் அது வந்தது.

பட்டன் எதற்கு என்று கேட்டால், அந்த வாட்சின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. எல்.இ.டி. மில்லி ஆம்பியர் கணக்கில் கரண்ட் தின்னும். பொட்டுக்கடலை மாதிரி இருக்கிற செல்லை வைத்துக்கொண்டு எந்நேரமும் எரியவிட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது. அதனால் அமுக்கினால் மட்டும் எரியும்படி வைத்தார்கள். பல்சரில் ஒன்றேகால் விநாடி எரிந்து அணைந்துவிடும். ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மணி பார்க்க முடியாது, இன்னொரு கை வேண்டும்.

கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து திரும்பி வந்தாரே 1981, அந்த வருஷம்தான் நான் கடை போட்டேன். முதல் மாசமே மேல்விஷாரத்து பாய் ஒருத்தர் இதே மாதிரி சிவப்பு வாட்ச் கொண்டுவந்தார். இரண்டு செல்லும் புதுசு போட்டுக் கொடுத்தேன். எட்டாம் நாள் வந்து நின்று, “இன்னாப்பா, பழைய செல்லைப் போட்டு ஏமாத்திட்டியா?” என்றார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுண்டிப் போச்சு. உட்கார வைத்துப் பொறுமையாக விசாரித்தேன். நடுவில் அவர் வீட்டில் நிக்காஹ். வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் “மாமூ, அமுக்கிக் காட்டுங்க” என்று மூன்று நாள் விடாமல் அமுக்கியிருக்கிறார்கள். அவர் மேல் தப்பே இல்லை. விற்றவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த ஜோடி செல்லுக்கு நான் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு, சும்மா சும்மா அமுக்கினால் செல் தீர்ந்துவிடும் என்ற எச்சரிக்கையைச் சொல்லாமல் ஒரு சிவப்பு வாட்சையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

உங்கள் வாட்சுக்கு வருவோம். பின்மூடியைத் திறந்தால் பழைய செல் கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கலாம். கத்தியால் சுரண்டாதீர்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, அதே அளவில் சில்வர் ஆக்சைடு செல்லாகப் பார்த்துப் போடுங்கள். எல்.இ.டி. சும்மா இருந்ததால் கெட்டுப்போகிற சாமான் இல்லை. உள்ளே கம்பி அரித்துப் போகாமல் இருந்தால் எரிய நிறைய வாய்ப்பு உண்டு. எரிந்தால் லைட்டை அணைத்துவிட்டு நைனாவைக் கூப்பிட்டு அமுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தா, கால்குலேட்டரில் எல்லா எண்ணும் ஏன் கோடு கோடாகவே இருக்கிறது?
- ஏழாம் வகுப்பு மாணவி, ராணிப்பேட்டை

பதில்: ஏழு தீக்குச்சி எடுத்து 8 செய்து பாரும்மா. அதில் நடுக்குச்சியை எடுத்தால் 0. வலப்பக்கம் இரண்டை மட்டும் விட்டால் 1. ஏழே கோட்டில் பத்து எண்ணும் அடங்கிவிடும், கம்பியும் மிச்சம். உன் கால்குலேட்டரில் 7-ஐப் பார். சிலதில் இடப்பக்கம் ஒரு சின்னக் கால் தொங்கும், சிலதில் இருக்காது. 1969-ல் வந்த ஷார்ப் க்யூடி-8டி கால்குலேட்டரில் பூஜ்யத்தைப் பாதி உயரத்தில்தான் போட்டார்கள்!

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடையில் அப்பா காலத்துக் கால்குலேட்டர் இருந்தது. எண்கள் பச்சையும் நீலமுமாக அழகாக ஒளிரும். இப்போது அப்படி ஒன்று கடையில் கிடைக்கவே இல்லையே?
- ஒரு வியாபாரி, ஆரணி

பதில்: அது ரேடியோ வால்வுக்குத் தங்கச்சி முறை. காற்றை உறிஞ்சிய கண்ணாடிக்குள் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி சூடாகி எலக்ட்ரானை விடும். அது பூச்சு பூசிய கோட்டில் போய் மோதினால் அந்த நிறம் வரும். ஜப்பான்காரர்கள் 1960-களில் கொண்டுவந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி, பட்டு எடுக்க வந்தவர்களுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்தே கணக்குத் தெரியும். ஆனால் கம்பியைச் சூடாக்கவே கரண்ட் போய்க்கொண்டிருக்கும், கண்ணாடி என்பதால் தடிமனும் குறையாது. 1973-ல் ஷார்ப் கொண்டுவந்த, கறுப்பு எண் காட்டும் எல்.சி.டி. கால்குலேட்டர் ஒரே ஒரு பென்சில் செல்லில் 100 மணி நேரம் ஓடியது. அதற்கப்புறம் பாக்கெட்டில் பச்சை எண்ணுக்கு இடமில்லாமல் போனது.

கேள்வி: கத்திரி வெயிலில் ஷூ கம்பெனி வாசலில் பைக்கை நிறுத்தி, டேங்க் மேல் டிஜிட்டல் வாட்சைக் கழற்றி வைத்தேன். வந்து பார்த்தால் முகம் முழுக்கக் கறுப்பு. சாயங்காலம் தானாகச் சரியாகிவிட்டது. ரிப்பேரா?
- ஒரு தொழிலாளி, ஆம்பூர்

பதில்: ரிப்பேர் இல்லை தம்பி. நம்ம ஊர் வெயில் அந்த வாட்சுக்குள் இருக்கிற சரக்கைத் தண்ணீராக்கிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

எல்.சி.டி. ஒளி விடாது, நிழல்தான் காட்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே திரவமாகவும் படிகமாகவும் இருக்கிற ஒரு சரக்கு. அதன் மூலக்கூறுகள் சுருள்படி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். வெளியிலும் அடியிலும், ஒரே திசையில் அதிர்கிற வெளிச்சத்தை மட்டும் விடுகிற போலராய்டு தாள். வெளிச்சம் அந்த முறுக்கோடு திரும்பி உள்ளே போய், அடியில் பட்டுத் திரும்பி வரும். ஒரு கோட்டில் வோல்டேஜ் கொடுத்தால் அங்கே முறுக்கு நிமிர்ந்து வெளிச்சம் மாட்டிக்கொள்ளும், கோடு கறுக்கும். செலவு மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். இந்த முறுக்கு வித்தையை 1970-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷாட், ஹெல்ஃப்ரிக் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். மணி எந்நேரமும் தெரியும், பட்டன் வேண்டாம். சிவப்பு எண் இதனிடம்தான் தோற்றது.

ஆனால் அதற்கேற்ற சரக்கு கிடைக்கவில்லை. முதலில் வந்தவை ஈரம் பட்டாலே கெட்டன. இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் கிரே 1970-களின் தொடக்கத்தில் கெடாத ஒன்றைச் செய்தார். அது தனியாக 35 டிகிரி வரைதான் தாங்கும். யோசித்துப் பாருங்கள், வேலூர் ஜில்லாவில் மே மாசம் வீட்டுக்குள்ளேயே கறுத்துப் போயிருக்கும்! அதே குடும்பத்துச் சரக்குகள் சிலதைக் கலந்துதான் 60 டிகிரி பக்கம் வரை கொண்டுபோனார்கள். வெயிலில் நிற்கிற பைக் டேங்க் அதையும் தாண்டிவிடும். முறுக்கு மொத்தமும் கலைந்தால் வெளிச்சம் எங்கும் திரும்பாது, முகம் முழுக்க இருட்டு. ஆறினால் முறுக்கு தானே வந்துவிடும். அடிக்கடி இப்படிச் சுட்டால் போலராய்டு தாள் பழுத்துவிடும், அதனால் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கால்குலேட்டரில் 8 போட்டால் 6 மாதிரி தெரிகிறது. கடையில் டிஸ்பிளே போச்சு, தூக்கிப் போடு என்கிறார்கள்.
- ஓர் ஆசிரியை, திருப்பத்தூர்

பதில்: அவசரப்படாதீங்கம்மா. டிஸ்பிளேவுக்கும் போர்டுக்கும் நடுவே ஜீப்ரா என்று ஒரு ரப்பர் பட்டை உண்டு. கரண்ட் போகிற கோடும் போகாத கோடும் மாறி மாறி இருக்கும். அதில் தூசி சேர்ந்தால் ஒரு கோடு காணாமல் போகும். செல்லைக் கழற்றி, மூடியைத் திறந்து, பட்டையின் இரண்டு விளிம்பையும் போர்டில் அது உட்காரும் இடத்தையும் ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் பக்கத்திலேயே வரக்கூடாது, போலராய்டு தாள் பாழாகிவிடும். சில மாடலில் ரப்பருக்குப் பதில் மெல்லிய ரிப்பனை ஒட்டியிருப்பார்கள், அதை மட்டும் இழுத்துவிடாதீர்கள். பட்டையை நேராக வைத்து, ஸ்குருவை நாலு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக முடுக்குங்கள். முடித்ததும் எல்லா இடத்திலும் 8 போட்டுப் பாருங்கள். ஏழு கோடும் வந்தால் கணக்குப் போடலாம்.